சுரங்கம் மூடிய பிறகு வளர்ந்த ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுரங்கம் மூடினால் ஊர் காலியாகும் என்பது பொதுக் கணக்கு. கனடாவில் அல்பர்ட்டா மாகாணத்தின் கேன்மோர் அதற்கு நேர்மாறு. அங்கே நிலக்கரி எடுப்பது 1979இல் நின்றது. 1988 குளிர்கால ஒலிம்பிக்கில் சில பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கு நடக்க, ஊர் வெளியே தெரிந்தது. 2016இல் 13,992 ஆக இருந்த மக்கள்தொகை 2021இல் 15,990. விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளின் சொந்தக்காரர்கள் இந்த எண்ணில் வரமாட்டார்கள். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். பக்கத்து ஊரான பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே குடியேறக் கட்டுப்பாடு. அந்த நெருக்கடியும் கேன்மோர் தலையில்தான்.

புது வீடுகள் எழும்போது சிக்கல் தரைக்கு அடியில், பழைய சுரங்கத்தில். நிலக்கரி வெட்டும்போது கூரையைத் தாங்க விட்டுவைத்த தூண்கள் நீர் ஊறி உதிரும், கூரை சரியும். சரிந்த பாறை நொறுங்கிக் கூடுதல் இடம் பிடிப்பதால், ஆழமான சுரங்கத்தில் வெற்றிடம் பாதியிலேயே அடைபட்டுவிடும். ஆழம் குறைந்தால் வெற்றிடம் மேலேறி, தரையில் குழியாக வாய் திறக்கும். பழைய வரைபடத்தை மட்டும் நம்பக்கூடாது. கடைசியில் வெட்டிய தூண்கள் அதில் ஏறாமல் போவதுண்டு. துளையிட்டுப் பார்த்து, வெற்றிடம் இருந்தால் சிமெண்ட் குழம்பை இறக்கி நிரப்ப வேண்டும். மனை வாங்குபவர் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தச் சோதனை பற்றிய பொறியாளர் அறிக்கையைக் கேட்டு வாங்கட்டும்.

வாசகர், கால்கரி