நாவல் மீதான புகாரைச் சமாதானக் கூட்டத்தில் வைக்காதீர்கள்: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாவட்ட வருவாய் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஒரு நாவலால் ஊரில் பதற்றம் என்று மனு வந்தால், கோயில் முதல்மரியாதைத் தகராறுக்குக் கூட்டுவதுபோல் உடனே இருதரப்பையும் அழைத்துச் சமாதானக் கூட்டம் நடத்தும் வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நாமக்கல்லில் நேர்ந்தது இனி எவருக்கும் நேரக்கூடாது.

திருச்செங்கோட்டுக்கு அருகே 1966இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர் அவர். திரையரங்கில் சோடா விற்றுப் பிழைக்கும் சிறுவர்களை ‘நிழல்முற்ற’த்திலும், பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களைக் ‘கூளமாதாரி’யிலும் எழுதினார், கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியும் செய்தார். தன் மண்ணின் பேச்சை இவ்வளவு அக்கறையோடு சேர்த்துவைத்தவரைத்தான் மண்ணை இழிவுபடுத்தியவர் என்றார்கள்.

பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊராரின் குத்தல் பேச்சில் படும் பாட்டைச் சொல்லும் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 டிசம்பரில், அது ஊரை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி எதிர்ப்பாளர்கள் அதன் பிரதிகளை எரித்தார்கள். அடுத்த மாதம் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட நிர்வாகம் நடத்திய பேச்சுவார்த்தையில், நிபந்தனையற்ற மன்னிப்புக்கும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதற்கும் ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட நேர்ந்தது. பொங்கலுக்கு முன்பே, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். எழுத்தை நம்பி வாழ்ந்த ஒருவர் தன் சாவை அறிவிக்கும் நிலைக்கு வந்ததில் நிர்வாகத்துக்குப் பங்கில்லை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிப் படைப்பாளியைப் பணியவைக்கக் கூடாது, இத்தகைய புகார்களில் இலக்கியமும் கலையும் அறிந்தோர் குழு கருத்துச் சொல்ல வேண்டும், அதிகாரிகளுக்கு இது குறித்துப் புரிதல் ஊட்ட வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது. எழுதுங்கள் என்று அவரிடம் நீதிமன்றமே சொன்ன பிறகுதான் ‘பூனாச்சி’ நாவல் வந்தது. அந்தக் கையெழுத்தே நிலைத்திருந்தால் அந்த வெள்ளாட்டுக் குட்டியின் கதை நமக்குக் கிடைத்திருக்காது. அவருடைய ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு பெற்றது.

ஆகவே அடுத்த மனு வரும்போது எழுத்தாளரைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்காதீர்கள். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுங்கள்; குறை சொல்வோருக்கு நீதிமன்றத்துக்குப் போகும் வழியைக் காட்டுங்கள்; அந்தத் தீர்ப்பின் நகலை உங்கள் அலுவலகக் கோப்பில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தமிழ் நாவல் வாசகர் ஒருவர்