கீழே படித்த கணக்கு மேலே செல்லாதா?

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தாருக்கும், அரசுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், பதிவாளர்களுக்கும் வணக்கம்.

நான் கல்வியாளன் இல்லை. கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறேன். இந்த மலையிலிருந்து உங்கள் அலுவலகங்களுக்கு வரும் மனுக்களில் கொஞ்சம் என் கடையில் அடித்தவை. மழைக்காலத்தில் வந்தவை நமுத்துப் போயிருந்தால் அதற்கும் என் கடைத் தாள்தான் காரணம்.

ஒரு பெண்ணின் ஃபைலைப் பற்றி எழுத வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம், மூன்றாம் தலைமுறை. சமவெளியில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு முடித்திருந்தாள். அரியர் ஒன்றுகூட இல்லை. கோடை விடுமுறைக்கு வந்த சமயம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அப்பா இல்லை. தம்பி எட்டாம் வகுப்பு. திரும்ப விடுதிக்குப் போக வழியில்லை. "அண்ணா, இங்கேயே ரெண்டாம் வருஷம் சேர்ற மாதிரி ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க" என்று வந்து நின்றாள். ஒரு லெட்டரில் முடிகிற வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

இங்கே மலையில் உள்ள கல்லூரியில் விசாரித்ததில், முதலாண்டோடு நின்றுபோன பிள்ளைகளின் இடம் காலியாக இருப்பது தெரிந்தது. ஆனால் பல்கலைக்கழகம் வேறு. ஆகவே பழைய கல்லூரியின் தடையின்மைச் சான்று, பழைய பல்கலைக்கழகத்தின் தடையின்மைச் சான்று, வருகைச் சான்று, பல்கலைக்கழகம் மாறுவதற்கான மைக்ரேஷன் சான்று, எழுதிய ஒவ்வொரு தாளுக்கும் துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த பாடத்திட்டம், அதன்பேரில் பாடம் சமமா இல்லையா என்று ஒரு குழு தரும் முடிவு. இவ்வளவுக்கும் மேலே டிசி. டிசி வாங்கினால் அங்கே பேர் போய்விடும். வாங்காவிட்டால் இங்கே பேர் ஏறாது. இடம் ஒதுக்கிய கடிதம் கொண்டுவா, டிசி தருகிறோம் என்கிறது ஒரு பக்கம். டிசியைக் காட்டு, இடம் பார்க்கலாம் என்கிறது மறுபக்கம். படுத்திருக்கும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நான்கு முறை கீழே இறங்கிப் போய் வந்தாள். அதில் ஒரு நாள் குஞ்சப்பனை பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட, கையெழுத்துப் போட வேண்டியவர் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு மாலை கடையில் கூட்டமில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் கண்ணாடி மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, அவள் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் தலைப்பு படிக்கத் தெரியும். வகை நுண்கணிதம் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. தொகை நுண்கணிதமும் அப்படியே. சுற்றுச்சூழல் கல்வி இரண்டிலும் உண்டு. அவள் முதல் பருவத்தில் முடித்த ஒரு தாள் இங்கே மூன்றாம் பருவத்தில் வருகிறது. இங்கே முதல் பருவத்தில் வைத்திருப்பதை அவள் இனிமேல்தான் படிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். விட்டுப்போன தாளைச் சேர்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது. கால்குலஸ் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்றா என்று சிரித்தோம்.

பதில் வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. இரண்டு தாள்கள் பொருந்தவில்லை, விரும்பினால் அடுத்த ஆண்டு முதலாண்டில் சேரலாம் என்றிருந்தது. பொருந்துகிறது என்று வந்திருந்தாலும் பயனில்லை. அந்தப் பருவத்துக்கு வேண்டிய 75 விழுக்காடு வருகையை அதற்குமேல் எட்டவே முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். சமநிலையை மாணவருக்கு மாணவர் முடிவு செய்யாதீர்கள், பாடத்துக்கு ஒருமுறை முடிவு செய்யுங்கள். பி.காம்., பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம் என்று அதிகம் பேர் படிக்கும் பட்டங்களுக்கு எந்தத் தாள் எந்தத் தாளுக்குச் சமம், எதைச் சேர்த்து எழுத வேண்டும் என்று எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களும் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டு வெளியிட்டுவிடுங்கள். பாடத்திட்டம் மாறும்போது அதையும் மாற்றினால் போதும். அட்டவணை இருந்தால், டிசி இல்லாமலே நிபந்தனையோடு இடம் ஒதுக்கும் கடிதத்தைக் கல்லூரி முதல்வரே ஜூன் மாதத்தில் தந்துவிடலாம். குழு கூடும்வரை பிள்ளை வெளியே நிற்க வேண்டாம்.

இதற்கான வேலையில் பாதியை நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள். 2023-ல் உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, 75 விழுக்காடு பொதுவாக இருக்கட்டும், மீதியைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும் என்றுதானே சொன்னீர்கள்? எல்லோரும் ஒரே புத்தகம் படிக்க வேண்டுமா என்று தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. அதில் நியாயம் உண்டு. பாடத்திட்டம் அவரவருடையதாகவே இருக்கட்டும். ஒன்றுக்கு இன்னொன்று எவ்வளவு ஈடு என்று மட்டும் எழுதி வையுங்கள்.

யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி இன்னொரு பக்கம். தேறிய தாள்களுக்கான கிரெடிட் புள்ளிகளை மாணவர் பேரில் ஆன்லைனில் சேர்த்து வைக்கும் கணக்கு அது. அதற்கான ஐடி எடுக்கவே என் கடையில் வரிசை நின்றிருக்கிறது. ஓடிபி அப்பாவின் செல்லுக்குப் போகும். அப்பா சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருப்பார். பிள்ளை கடை வாசலில் காத்திருக்கும். அந்த விதிப்படி, பட்டம் தரும் நிறுவனத்தில் பாதி கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும். இவள் விட்டுவந்தது ஆறு பருவத்தில் இரண்டு. மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் கணக்குப்படியும் அவளுக்குத் தடையில்லை. ஆனால் கிரெடிட் வங்கியில் ஏறியதைத்தான் பார்த்திருக்கிறேன், அதைக் காட்டி ஒரு பிள்ளை வேறு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்ததை என் கடையில் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் பக்கமும் தெரியாமலில்லை. போலி மதிப்பெண் பட்டியல் வரும், சிபாரிசு வரும், இனச்சுழற்சி பார்க்க வேண்டும், பெரிய ஊர்க் கல்லூரியாகப் பார்த்து எல்லோரும் மாறக் கேட்பார்கள். வடிகட்டுங்கள். காரணம் கேளுங்கள், மருத்துவச் சான்று கேளுங்கள். மாறிப் போகிறவர்கள் எல்லோரும் வசதி தேடிப் போகிறவர்கள் இல்லை. பழனி மலையில், கொடைக்கானலில், 1984 முதல் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கீழ் ஓராண்டு படித்த பெண் கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்தால், அவள் முன்னால் இருப்பதும் வேறு பல்கலைக்கழகம், இதே காகித வரிசைதான். மேற்கொண்டு படி என்று புகுந்த வீட்டில் சொல்வதே அபூர்வம். சொன்னாலும், முதலிலிருந்து மூன்று வருஷம் என்று கேட்ட பிறகு எத்தனை வீடு சம்மதிக்கும்?

இவளுடைய தாத்தா கடல் தாண்டி நாடு மாறி வந்தவர். அந்தக் காகிதங்களையும் வருஷக்கணக்கில் அலைந்துதான் சேர்த்தாராம், அவள் சொல்வாள். பேத்தி மாவட்டம்தான் மாற முயன்றாள்.

இப்போது மதியம் வரை என் கடையில்தான் வேலை பார்க்கிறாள். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிரெடிட் வங்கி ஐடி எடுத்துத் தருவதும் அவள்தான். போன வாரம் மின்சாரம் வரக் காத்திருந்தபோது தன் ஐடியையும் செல்லில் திறந்து பார்த்தாள். இரண்டு பருவத்தின் கிரெடிட்டும் அப்படியே இருந்தன. ஏழு ஆண்டுவரை செல்லும் என்பது விதி. அதில் ஒன்று போய்விட்டது.

இப்படிக்கு,
கோத்தகிரி ஜெராக்ஸ் கடைக்காரன்