கிணற்றடிக்கு நான் வராத மாதங்கள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

சென்ற கிழமை மட்டும் நீ என்னைப் பதினொரு முறை அழைத்தாய். சின்னவனின் தடிமலைப் பற்றியும் என் பிரஷரைப் பற்றியும் கதைத்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டாய்: "நான் இவனுக்கு ஒன்றும் செய்துவிடமாட்டேன்தானே, அம்மா?" நானும் ஒவ்வொரு முறையும் "சீச்சீ, நீயா? ஒன்றும் நடக்காது பிள்ளை" என்றேன். உன் குரல் உடனே தணிந்தது. ஆனால் மறுநாள் நீ மீண்டும் அழைத்தாய். நான் கொடுத்த ஆறுதலே உன் நோய்க்குத் தீனியாகிக்கொண்டிருக்கிறது என்பது பதினோராவது அழைப்புக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இதைத் தொலைபேசியில் சொல்ல முயன்றால், உன் அழுகையைக் கேட்டதும் பழைய பதிலையே சொல்லிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

வீடியோவில் உன் குசினியைப் பார்த்தேன். எப்போதும் மேசையில் இருக்கும் கத்திகளைக் காணவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டியவர் மருமகன். நீ கைகளை இறுகக் கட்டிக்கொண்டு கதவுநிலையில் நின்றாய். 1991ஆம் ஆண்டு நானும் அப்படித்தான் நின்றேன்.

உயர்தரம் படிக்கும் காலத்தில் ஒருநாள் கோபத்தில், "என்னைத் தூக்கவே விரும்பாத உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாய். கைக்குழந்தையாக இருந்த உன்னை அம்மம்மாதான் வளர்த்தார் என்பதை யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். அன்று நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன்.

உன் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த மறுநாள் காலை, உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அந்தக் கிணற்றுக்கட்டு எவ்வளவு பதிவானது என்பது உனக்குத் தெரியும். முதல்நாள் மழையில் தண்ணீர் மேலேறி, தென்னோலையின் நிழல் அதில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த அந்தக் கணத்தில், "இவளை உள்ளே போட்டுவிட்டால்?" என்று ஓர் எண்ணம் எங்கிருந்தோ வந்து விழுந்தது. நீ விழுவது கண்முன் படமாகத் தெரிந்தது. கால்கள் உதறின. உன்னை நெஞ்சோடு நெரித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்து, கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளையைக் கொல்ல நினைக்கும் பேய் நான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதன்பின் கிணற்றடிக்குப் போகவில்லை. அம்மம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு அரிவாள், திருவலை எல்லாம் கண்ணில் படாத இடத்துக்குப் போயின. பிறகு உன்னோடு தனியாக ஓர் அறையில் இருக்கவே பயந்து, உன்னை அம்மம்மாவின் பாயில் கிடத்தினேன். இரவில் ஏழெட்டு முறை எழுந்துவந்து உன் மூச்சை மட்டும் பார்த்துவிட்டு, தொடாமல் திரும்பிப் போவேன். உன்னிடம் இருந்து உன்னைக் காப்பாற்ற நான் கண்ட ஒரே வழி அதுதான் என்று அப்போது நினைத்தேன். இல்லை, என்னிடம் இருந்து உன்னைக் காப்பாற்ற என்றல்லவா எழுதவேண்டும்! எழுதும்போது இன்றும் கை தடுமாறுகிறது. வெட்டாமல் அப்படியே விடுகிறேன்.

பயந்த கோளாறு என்று சொல்லி நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். அவர்கள் என்மீது வைத்த அன்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் எண்ணத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாத நோயை யார் கண்டுபிடிப்பது? அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் எல்லோர் முகத்திலும் பயம் இருந்தது. என் பயமும் அந்தப் பயங்களுக்குள் கலந்து மறைந்துபோயிற்று. பின்னர் ஒரு வைத்தியரிடம் பாதியைச் சொன்னேன். அவர் நித்திரைக் குளிசை எழுதித் தந்து, "கண்டதையும் யோசிக்காதீர்கள்" என்றார். யோசிக்காமல் இருக்கத்தானே நான் இரவும் பகலும் பாடுபட்டேன்!

நீ நடக்கத் தொடங்கியபின் கிணறு மங்கியது. ஆனால் நோய் உடையை மாற்றிக்கொண்டு வந்தது. கண்ணகை அம்மன் சடங்கில் குளிர்த்திப் பாடும் வேளையில், வாயால் சொல்லக்கூடாத சொல்லொன்று அம்மனைப் பற்றி மனத்தில் எழும்பும். அதைக் கழுவ நூற்றெட்டு முறை மன்னிப்புக் கேட்பேன். எண்ணிக்கை தவறினால் முதலில் இருந்து தொடங்குவேன். அதனால்தான் பல வருடங்கள் வைகாசியில் கோயிலுக்கு வராமல் தலையிடி என்று படுத்திருந்தேன். 2021 கடைசியில் எரிவாயு சிலிண்டர்கள் வெடிக்கும் செய்திகள் நாடெங்கும் வந்தபோது, அடுப்பின் திருகியைப் பார்ப்பது ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறையாயிற்று. உன் சித்தி அதைக் கண்டு என்னை உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்றார். பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்த எனக்கு, என் நோயின் பெயர் அந்த வயதில்தான் தெரியவந்தது. வைத்தியர் ஓசிடி என்றார். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள்.

கிணற்று எண்ணத்தை முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னபோது, அந்த வைத்தியர் திடுக்கிடவில்லை. இப்படியான எண்ணம் வராத மனிதர் குறைவு என்றார். நம் நாட்டிலிருந்து இலண்டனுக்குச் சென்று பணியாற்றிய உளவியலாளர் பத்மால் த சில்வாவும், ஸ்டான்லி ரக்மனும் 1978இல் நோயில்லாத சாதாரண மனிதரிடம் கேட்டுப் பார்த்தபோது, ஐந்தில் நான்கு பேர் அளவில் தமக்கும் வேண்டாத எண்ணங்கள் தாமாக வருவதாகச் சொன்னார்களாம். அவற்றில் பல, நோயாளிகளின் எண்ணங்களைப் போலவே இருந்தன. பாலத்தில் நிற்கும்போது குதித்துவிடுவேனோ என்று ஒரு கணம் தோன்றாதவர் நம் ஊரிலும் எத்தனை பேர்? மற்றவர் "இதென்ன விசர் எண்ணம்" என்று நடந்துபோய்விடுவார்கள். நீயும் நானும் அதை நமக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு, விசாரணையைத் தொடங்கிவிடுகிறோம். பிள்ளையின்மீது உயிரை வைத்திருப்பவளுக்குத்தான் பிள்ளையைப் பற்றிய எண்ணம் வாதையாகும். கோயிலை மதிப்பவளுக்குத்தான் அம்மனைப் பற்றிய சொல் சுடும்.

விசாரணை எப்படி நடக்கிறது என்பதைக் கவனி. எண்ணம் வருகிறது, பயம் ஏறுகிறது, கத்தியை ஒளிக்கிறாய் அல்லது அம்மாவை அழைக்கிறாய், பயம் இறங்குகிறது. இறங்கிய அந்தச் சுகத்தில் மூளை ஒரு தவறான பாடத்தைப் படிக்கிறது: அழைத்தபடியால்தான் பிள்ளை தப்பினான் என்று. அடுத்த முறை இன்னும் பலமாக அழைக்கச் சொல்லும். இந்தச் சங்கிலியை அறுக்கும் சிகிச்சையின் தொடக்கமும் நீ வாழும் நகரில்தான். 1966இல் விக்டர் மேயர் என்பவர் இலண்டன் வைத்தியசாலையொன்றில் இரண்டு நோயாளிகளைப் பயப்படும் பொருளுக்கு முன் நிறுத்தி, வழக்கமான சடங்குகளைச் செய்யவிடாமல் தாதியர் உடனிருக்கப் பழக்கினார். இருவரும் நன்கு தேறினார்கள்.

எனக்கும் அதைத்தான் செய்தார்கள், சிறிது சிறிதாக. அடுப்பை ஒருமுறை மட்டும் பூட்டிவிட்டுப் படலைக்கு வெளியே போகவேண்டும். கிணற்று வசனத்தைக் கொப்பியில் எழுதி உரத்து வாசிக்கவேண்டும். கடைசியாக, சித்தியின் பேத்தியை ஏந்திக்கொண்டு அதே கிணற்றடியில் நிற்கவேண்டும். பிள்ளையின் தாய்க்கு எல்லாம் விளக்கிச் சொல்லி, அவளுடைய சம்மதத்தோடுதான் நின்றேன். முதல் பத்து நிமிடம் முதுகுச் சட்டை நனைந்துவிட்டது. உள்ளங்கை வேர்த்துப் பிள்ளையின் கால் வழுகுவதுபோல் இருந்தது. "வராது, வராது" என்று மனத்துக்குள் சொல்லவும் எனக்கு அனுமதியில்லை. அரைமணி நேரத்துக்குமேல் போனபின், அவள் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துச் சப்பத் தொடங்கினாள். நான் அதைப் பிடுங்கி எடுத்தபோதுதான், சற்று நேரமாக எண்ணத்தைக் கவனிக்கவேயில்லை என்பது தெரிந்தது. மருந்தும் எடுத்தேன், புளுவொக்செட்டின் குளிசை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இந்த நோய்க்குப் பெரும்பாலும் கூடிய அளவு வேண்டியிருக்கும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும் என்று முதலிலேயே சொல்லியிருந்தபடியால் இடையில் விட்டுவிடவில்லை.

நீ அங்கே குடும்ப வைத்தியரைக் காணலாம். இங்கிலாந்தின் அரச உரையாடல் சிகிச்சைச் சேவைக்கு நீயே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். எண்ணத்தை முழுமையாகச் சொல். "பதற்றமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் என்னைப் போல நித்திரைக் குளிசையோடு திரும்பிவருவாய். பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தால் வாயைக் கட்டிக்கொள்ளாதே. இந்த நோயை அறிந்தவர்களுக்கு, தன் எண்ணத்தைக் கண்டு நடுங்கும் தாய் புதியவள் அல்லள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்ற மருந்துகள் உண்டு. எது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஒன்றை மட்டும் மருமகனும் வாசிக்கவேண்டும்: பிறர் காதுக்குக் கேளாத குரல் உனக்குக் கேட்டாலோ, பிள்ளை உன்னுடையதல்ல என்று நம்பத் தொடங்கினாலோ, நித்திரையே வேண்டாம் என்று தோன்றினாலோ, அது வேறு நோய், அன்றைக்கே அவசரமாக வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உன்னிடம் நான் கண்டது அதுவல்ல, நான் வாழ்ந்த நோய்தான். ஆனாலும் முடிவு சொல்லவேண்டியவர் வைத்தியர்.

கத்திகளை நாளைக்கே மேசையில் வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைச் சிகிச்சை தருபவரோடு சேர்ந்து, உன்னால் ஏலும் படியில் தொடங்கு. என் பங்கை மட்டும் நான் இப்போதே தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அழை. அந்தக் கேள்வியை நீ கேட்டால், "அதற்கு இனிப் பதில் சொல்லமாட்டேன் மகள், பயம் இருக்கட்டும், நானும் லைனில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சின்னவன் குப்புறப் புரள்கிறானா என்று கேட்பேன். நீ அழுதாலும் நான் வைக்கமாட்டேன். என் பேரனை நீ தூக்கி வைத்திருந்தபடி அழு. நான் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா