விலகும் முன் பதிவைப் படிக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஏழைக் குற்றவாளிக்கு நீதிமன்றம் அமர்த்திய வழக்கறிஞர், ‘மேல்முறையீட்டில் சாரமில்லை’ என்று கடிதம் எழுதிவிட்டு விலகிக்கொள்ள முடியாது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1967 ஆண்டர்ஸ் தீர்ப்பின்படி, விசாரணைப் பதிவு முழுவதையும் படித்து, வாதிட இடமிருக்கக்கூடிய அம்சங்களைச் சுட்டிக்காட்டும் மனுவோடுதான் அனுமதி கேட்க வேண்டும். நகல் கட்சிக்காரருக்கும் போக வேண்டும். அவர் தன் வாதங்களை முன்வைக்க அவகாசம் தர வேண்டும்.

நீதிமன்றங்கள் சறுக்குவது வரிசையில்தான்: பதிவைத் தாங்களே பார்த்த பிறகுதான் வழக்கறிஞரை விடுவிக்க வேண்டும். ஓஹியோவின் பென்சன் வழக்கில், மேல்முறையீட்டு நீதிபதிகள் பதிவைப் பார்க்கும் முன்பே வழக்கறிஞரை விடுவித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், ஜூரிக்குத் தந்த அறிவுறுத்தலிலேயே பிழை! எடுத்துப் பேசத்தான் ஆளில்லை. இது தவறென்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது. மாநிலங்கள் வேறு நடைமுறை வகுக்கலாம் என்று 2000இல் அனுமதித்தாலும், கட்சிக்காரரின் மேல்முறையீட்டு உரிமைக்குப் போதிய பாதுகாப்பு கட்டாயம்.

தோற்கக்கூடிய வழக்கு வேறு, வாதிடவே ஏதுமில்லாத வழக்கு வேறு. முன்னதைக் காட்டி விலகவே கூடாது.

— ஒரு வாசகர்