கும்பிடாதவர்களும் வாழத்தான் செய்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடவுள் நம்பிக்கையை விட்டவர்களுக்கு வாழ்க்கையில் பிடிப்பே இருக்காது என்று சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அப்படிப்பட்ட ஒருத்தி நான். அதனால்தான் எழுதுகிறேன்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் பிறையில் லோரி ஓட்டினார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) முற்றிச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்). செலவைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஏற்றுக்கொண்டது. மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தேன். விரதமிருந்து, பால்குடம் ஏந்தி, தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐநூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறினேன். மனமுருகிக் கேட்டால் கொடுப்பான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் போய்விட்டார்.

கருமாதி அன்று ஒரு பெரியவர், "விரதத்துல ஏதோ குறை இருந்திருக்கும்மா" என்றார். இன்னொருவர் போன ஜென்மத்து வினை என்றார். ஊசி குத்திக் குத்திக் கை கறுத்துப்போன ஒரு மனிதனுக்கு இதுவா விளக்கம்? துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஆனால் நம்பிக்கை அன்றைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் சாமி விளக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் எண்ணெய் தீர்ந்தது, வாங்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

நம் ஊரில் இதை வெளியே சொல்வது சங்கடம். பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்த, நாட்டின் ஐந்து கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். 1929-லேயே பெரியார் இதே பினாங்கில் வந்திறங்கிப் பேசிவிட்டுப் போனார் என்பார்கள் கழகத்துக்காரர்கள். நான் கழகத்துக்காரி இல்லை. கும்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

அப்புறம் என்ன செய்தேன்? அவரைக் கூட்டிக்கொண்டு போன அதே சுத்திகரிப்பு மையத்துக்குத் திரும்பவும் போக ஆரம்பித்தேன். தனியாக வருகிறவர்களைக் காரில் ஏற்றிப் போவேன். ஊசியை எடுத்த பிறகு, ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைச் செய்வேன். சுத்திகரிப்பு ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால், பூனையின் வயிற்றைத் தொட்ட மாதிரி உர்ரென்று ஓடும். ஓட்டம் நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இனிப்பு நீரில் விரல் மரத்துப்போன ஓர் அத்தைக்கு எதுவும் தெரிவதில்லை. நான்தான் தொட்டுப் பார்த்து, "ஓடுது அத்தை" என்பேன். "உனக்குப் புண்ணியமாப் போகும்" என்பார். "கிடைக்காட்டியும் செவ்வாக்கிழமை வருவேன்" என்பேன். சிரிப்பார்.

பலன் உண்டு என்று நம்பிச் செய்த காலத்தில், பாதி மனசு எப்போதும் அந்தப் பலன் மீதே இருந்தது. இப்போது பஞ்சைப் பிடித்தால் பஞ்சு மட்டும்தான், அந்தக் கை மட்டும்தான். இதை வெறுமை என்று எப்படிச் சொல்வது?

தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலிலும் நிற்கிறேன். மோர் ஊற்ற நம்பிக்கை தேவையில்லை. அங்கே நிற்பதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆபத்து. அவற்றில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்ற, வேலை செய்யும் சிறுநீரகம் அவர்களுக்கு இல்லை. ரத்தத்தில் ஏறிவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். "சாமி பிரசாதம், ஒண்ணும் செய்யாது" என்று கையில் திணிக்கிறார்கள். வேண்டாம் என்றால் குற்றம் மாதிரி பார்க்கிறார்கள். தண்ணீரும் அவர்களுக்கு அளவுதான். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். பந்தல் போடுகிறவர்கள் தங்கள் தொண்டர்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது.

கடிதம் எழுதிய அன்பருக்கு ஒன்று. செவ்வாய், வியாழன், சனியில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து இரண்டு பேரை ஏற்றி வர ஆள் தேவைப்படுகிறது. கார் ஓட்டத் தெரிந்தால் வரலாம். திருநீறு பூசிக்கொண்டே வரட்டும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு