அவன் சொன்ன திசையில் பந்து

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி பனைமரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருஷமாகியும் திண்ணையைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தாய். பாலாற்று மணலில் நம்மோடு கபடி ஆடிய பையன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவனுக்கு மூளை முடக்குவாதம். கை நினைத்த இடத்துக்குப் போகாது. பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மற்ற பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் வைப்போம். நானும் மூன்று வருஷம் அப்படித்தான் செய்தேன். நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

போன மாதம் ஒரு பி.வி.சி. குழாயை நீளவாட்டில் பிளந்து, அவன் மடியிலிருந்து தரைக்குச் சாய்த்து வைத்தேன். போச்சியா என்று ஒரு விளையாட்டு, 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருக்கிறது. வெள்ளைப் பந்துக்கு யார் பந்து நெருங்கி நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எறிய முடியாதவர்கள் இப்படிச் சாய்வில் உருட்டலாம். குழாயைப் பிடித்து உதவுகிறவர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் ஆடுகிறவர் முடிவு. "இடது... இன்னும் இடது சார்" என்றான். நகர்த்தினேன். பந்திலிருந்து விரலைப் பிரித்தெடுக்கவே அவனுக்கு அரை நிமிஷம் ஆனது. பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில்தான் தெரிந்துகொண்டேன். அவன் முகம் மட்டும் எனக்கு நேரே இருந்தது.

சரி, தம்பி விஷயம். முதலில் வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையத்துக்கு அழைத்து வா. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிறகும், வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியால்தான் 1966-ல் அந்த நிலையம் வந்தது. படுக்கைப்புண் இருக்கிறதா, தோள் எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் டாக்டரும் பிசியோவும் பார்த்துச் சொல்லட்டும். வீல்சேர் தள்ளித் தள்ளித் தோள் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. இன்னொன்று, தண்டுவடத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது. நம் ஊர் வெயிலில் உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும். எதுவானாலும் பொழுது சாய்ந்த பிறகுதான், கழுத்தில் ஈரத்துண்டோடு.

"ஊர் பார்க்குமே" என்று அம்மா கலங்குகிறார்கள் என்றாய். நான் நேரில் வந்து பேசுகிறேன். வண்டி ஏற்பாடும் என் பொறுப்பு.

அப்புறம், என்ன ஆட ஆசை என்று தம்பியிடம் கேட்டு எழுது. நீயாக எதையும் முடிவு செய்துவிடாதே. அவன் வாயால் சொல்லட்டும், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

உன்
மாப்ளே