ஊஞ்சல் அசையாத இரவு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பண்ருட்டிப் பலா இறங்கிவிட்டது. நேற்று அவர் ஒரு முழுப் பழத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எண்ணெய் தடவாமல் உரிக்க உட்கார்ந்தேன், இன்னும் கையில் பிசின் போகவில்லை, பேனாவிலும் ஒட்டுகிறது.

சரி, கட்டடங்களின் நிலநடுக்கக் கணக்கில் வரும் வேகமான அதிர்வுகளை அடக்கிவிடலாமே என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். 2001 செப்டம்பர் 25 இரவு நினைவிருக்கிறதா? நாம் சாப்பிட உட்காரும் நேரம். புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்குள் மையம் கொண்டு வந்த நிலநடுக்கம், ரிக்டரில் 5.5. பரண் மேலிருந்த எவர்சில்வர் தூக்குகள் கலகலவென்று ஆட, நீதான் கூடத்தைக் காட்டி, "பாருடி, ஊஞ்சல் சும்மா நிக்குது" என்றாய். ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். தூக்குகளோ ஒரே வினாடியில் பலமுறை ஆடிவிடும். அன்று வந்த அதிர்வு தூக்குகளின் தாளத்தில் வந்தது, அதனால் அவை மட்டும் ஆடின. அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதற்குள் ஓர் ஊஞ்சலும் சில தூக்குகளும் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வருஷம் என்னிடம் ப்ராஜெக்ட் செய்யும் பையன் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பை எடுத்திருக்கிறான். கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே முழுக்கச் செங்கல் சுவர். குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் சரிந்தவற்றில் இந்த மாதிரிக் கட்டடங்கள் எத்தனை என்று உனக்கே தெரியும். கட்டடம் ஆடும் ஒவ்வொரு விதமும் ஒரு மோடு, அது ஒருமுறை போய்வர ஆகும் நேரம்தான் அலைவு நேரம். அவன் கம்ப்யூட்டர் மாடலில், மெதுவாக ஆடும் முதல் மோடின் அலைவு நேரம் 0.6 வினாடி. சுவர்களின் விறைப்பால் ஐந்தாவது மோடு வெறும் 0.05 வினாடிக்கு வந்துவிட்டது. 1940 மே 18 கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவை 0.02 வினாடி இடைவெளியில் கொடுத்து, ஆட்டத்தை அந்த இடைவெளிப்படி படிப்படியாகக் கணக்கிடும் சென்ட்ரல் டிஃபரன்ஸ் முறையில் ஓட்டியிருக்கிறான். கணக்கில் ஒரு வினாடி முடிவதற்குள் மொட்டைமாடி நிலாவைத் தாண்டிப் போய்விட்டது! அந்த முறைக்கு டைம் ஸ்டெப், அதாவது அந்த இடைவெளி, மிகச் சிறிய அலைவு நேரத்தை πயால் வகுத்தால் வரும் அளவுக்குள் இருக்க வேண்டும். இங்கே அது 0.016. இவன் எல்லையைத் தாண்டிவிட்டான்.

அப்புறம் நியூமார்க் என்ற பொறியாளர் 1959இல் கொடுத்த முறைக்கு மாறினான், அதில் நாம் தேர்ந்தெடுக்கும் இரண்டு எண்கள் பீட்டா கால், காமா அரை. அதில் எவ்வளவு பெரிய ஸ்டெப் வைத்தாலும் விடை வெடிக்காது. வழவழவென்று ஒரு வரைபடம் வந்தது. "மேடம், சரியாயிடுச்சு" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். நிலாவுக்குப் போன விடையை யாரும் நம்பப் போவதில்லை. இதை எல்லாரும் நம்புவார்கள்.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இந்த முறை தணிப்பை, அதாவது ஆட்டம் மெல்ல அடங்குவதை, கூட்டாது, ஆனால் அலைவு நேரத்தை இழுத்து நீட்டும். 0.02 ஸ்டெப்பில் 0.05 வினாடி மோடு கணக்குக்குள் 0.07 ஆகிவிடுகிறது. அது வேறொரு கட்டடம்! மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டம் 0.2 வினாடியில் ஆடுகிறது என்று வை. அதற்கு நீட்சி 3.2 சதவீதம்தான். ஆனாலும் பதினைந்து ஆட்டத்தில் அரை ஆட்டம் பின்தங்கி, நிஜத்தில் இடப்பக்கம் சாயும்போது கணக்கில் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். 0.6 வினாடி மோடுக்கோ நீட்சி அரை சதவீதம்கூட இல்லை.

ஸ்டெப்பை 0.01, 0.005 என்று குறைத்து ஓட்டச் சொன்னேன். மொட்டைமாடி நகர்வு மூன்றிலும் ஒரே கோடாக விழுந்தது. அது ஊஞ்சல். மேல்தள ஆக்சிலரேஷனின் உச்சங்கள் ஒவ்வொன்றிலும் இடம் மாறின, அளவும் மாறியது. அவைதான் தூக்குகள். தொட்டியையும் கைப்பிடிச் சுவரையும் கீழே தள்ளுவது அவைதான். பையன் நகர்வை மட்டும் பார்த்துவிட்டு மூட்டை கட்டியிருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் நானும் இதே போல் ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். ஸ்டெப்பை மாற்றிப் பார்த்தாயா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஹில்பர், ஹியூஸ், டெய்லர் மூவரும் 1977இல் கொடுத்த ஆல்ஃபா முறையைப் போட்டு வேகமாக ஆடும் உயர் மோடுகளை அடக்கிவிடலாமே என்று எழுதியிருந்தாய். துல்லியம் குறையாமல் அடக்குகிறது என்பது உண்மை. நியூமார்க்கில் காமாவை அரைக்கு மேல் ஏற்றினால் அந்தத் துல்லியம் போய்விடும். ஆனால் எதை அடக்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா? மாடலைத் துண்டு துண்டாக வெட்டியதால் முளைத்த பொய் அதிர்வென்றால் தாராளமாக அடக்கு. இங்கே தூக்குகள் நிஜமாகவே ஆடுகின்றன. சத்தம் பிடிக்கவில்லை என்று அவற்றின் வாயைப் பொத்த எனக்கு மனசில்லை. ஸ்டெப்பைக் குறைத்துவிடலாம், கம்ப்யூட்டருக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?

பையனின் ஃபைலை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் ப்ரோகிராமில் 0.0025 வைத்து ஒருமுறை ஓட்டி, ஐந்தாவது மாடி ஆக்சிலரேஷனை மட்டும் எழுது. நீ ஆடி மாதம் வருவதாக இருந்தால் பலாக்கொட்டையை மண்ணில் புதைத்து வைக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி சாம்பாரில் போடலாம்.

அன்புடன்,
மல்லிகா